அன்பளிப்புக் காசும் வீட்டு உறுதியும்

மருதானையிலோ கொட்டாஞ்சேனையிலோ வாடகைக்கு இருக்கும் ஒரு குடும்பம் சொந்த வீட்டுக்குக் கணக்குப் போட உட்கார்ந்தால், சம்பளமும் வங்கிக் கடனும் மட்டும் அந்தக் கணக்கை முடித்துவைப்பதில்லை. ஸ்காபரோவில் இருக்கும் மாமா, சூரிச்சில் இருக்கும் அண்ணா, ஓய்வுபெற்ற அப்பாவின் சேமலாப நிதி, அம்மா செட்டியார் தெருவில் விற்ற காப்பு, கலியாணத்தோடு வந்த சீதனக் காசு என்று எங்கிருந்தாவது ஒரு தொகை வந்துதான் இடைவெளி நிரம்புகிறது. 1983க்குப் பிறகு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் எழுந்த தொடர்மாடிகளில் எத்தனையோ வீடுகள் இப்படி வந்த காசில் வாங்கப்பட்டவை. வீடு தேடுவது, வங்கிக்கு விண்ணப்பிப்பது பற்றி வேறு அத்தியாயங்களில் பார்த்தோம். இங்கே பார்க்கப்போவது அந்த இடைவெளியை நிரப்பும் காசை மட்டும்.

"நீ வீட்டைப் பார், காசைப்பற்றி யோசியாதை" என்று மாமா தொலைபேசியில் சொல்வதற்கு மூன்று பொருள் இருக்கலாம். மருமகளுக்கு மனமுவந்து கொடுத்துவிட்டேன், இனி அதைப்பற்றிப் பேச்சில்லை என்பது ஒன்று. வசதி வரும்போது மெல்ல மெல்லத் திருப்பித் தா என்பது இன்னொன்று. நான் ஊருக்கு வரும்போது தங்க அதில் எனக்கும் ஒரு பங்கு இருக்கட்டும் என்பது மூன்றாவது. சொல்பவர் பிரித்துச் சொல்வதில்லை, கேட்பவருக்கும் கேட்கக் கூச்சம். காசு கொடுப்பவரிடம் "இது எந்தக் கணக்கு, மாமா?" என்று கேட்பது மரியாதைக் குறைவாகப்படுகிறது. ஆனால் கேட்டுத்தான் ஆக வேண்டும், அதுவும் உறுதி எழுதுவதற்கு முன்பு. எழுதிய பிறகு அந்தக் கேள்விக்கு விடை சொல்லப்போவது மாமாவோ நீங்களோ அல்ல, நீதிமன்றம்.

காரணம் 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம். அதன் 84ஆம் பிரிவின் சாரம் இது: ஓர் ஆதனத்தின் உறுதி ஒருவர் பெயரில் இருந்து, அதற்கான விலையைக் கொடுத்தது வேறொருவராக இருந்து, உறுதிக்காரருக்குக் கொடுத்துவிடும் எண்ணம் காசு கொடுத்தவருக்கு இருக்கவில்லை என்று தெரியவந்தால், உறுதிக்காரர் அந்த ஆதனத்தைக் காசு கொடுத்தவருக்காகவே வைத்திருப்பதாகக் கொள்ளப்படும். ஆகவே உறுதியில் உங்கள் பெயர் இருப்பது மட்டும் போதாது, மாமாவின் எண்ணமும் தெரியவேண்டும். மாமா உயிரோடு இருந்து "நான் பிள்ளைக்குத்தான் குடுத்தனான்" என்று சொன்னால் பிரச்சினை இல்லை. அவர் காலமான பிறகு, அவருடைய பிள்ளைகள் பழைய வங்கித் தாள்களைப் புரட்டும்போதுதான் பிரச்சினை தொடங்கும். அவர்களில் யாரும் கெட்டவர்களாக இருக்க வேண்டியதில்லை. அப்பா கொழும்புக்குப் பெருந்தொகை அனுப்பியிருக்கிறார் என்று மட்டும் அவர்களுக்குத் தெரியும், எதற்கு என்று தெரியாது.

மறுபக்கமும் உண்டு. மாமா உண்மையிலேயே கடனாகக் கொடுத்திருந்தால் அவருக்கும் எழுத்து வேண்டும். பங்கு வேண்டுமென்றால் உறுதியிலேயே பங்கு எழுத வேண்டும். கூச்சத்தால் ஒன்றை மற்றொன்றாக எழுதவேண்டாம். கடனை அன்பளிப்பு என்று எழுதிவிட்டு மாதாமாதம் திருப்பிக் கட்டும் குடும்பங்கள் உண்டு. வங்கிக்குக் கடனை மறைப்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். ஆனால் சம்பளத்திலிருந்து இரண்டு தவணை கழியும்போது வாழ்க்கை நெருங்கிவிடும், அன்பளிப்புக் கடிதத்தை நம்பி உங்கள் வருமானத்தைக் கணக்கிட்ட வங்கியையும் ஏமாற்றியதாகும். அதைச் செய்யாதீர்கள்.

ஒரு பக்கக் கடிதம்

அன்பளிப்பு என்று முடிவானால் அதை ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம். கீழே உள்ளது மாதிரி. உங்கள் நொத்தாரிசு தன் பாணியில் திருத்துவார், திருத்தட்டும்.

"கனடா, ஸ்காபரோவில் வசிப்பவரும் இன்ன இலக்கக் கடவுச்சீட்டை உடையவருமாகிய நான், எனது சகோதரியின் மகள் இன்னாருக்கு, கொழும்பு 10இல் உள்ள இன்ன ஆதனத்தைக் கொள்வனவு செய்வதற்கும் அதற்கான செலவுகளுக்குமாக, இன்ன திகதியில் இன்ன வங்கியூடாக இவ்வளவு கனேடிய டொலரை அன்பளிப்பாக அனுப்பினேன். இத்தொகை கடன் அன்று. இதை நான் திருப்பிக் கேட்கமாட்டேன். இத்தொகையைக் கொண்டு வாங்கப்படும் ஆதனத்தில் எனக்கோ என் பின்னுரித்தாளர்களுக்கோ எவ்வித உரித்தும் இல்லை. இந்த அன்பளிப்பு மேற்படி இன்னாருக்கு மட்டுமே உரியது."

அதற்குக் கீழே பெறுபவரின் ஒரு வரி: "இந்த அன்பளிப்பை நன்றியுடன் ஏற்றுக்கொள்கிறேன்." நம் நாட்டின் பொதுச் சட்டமான ரோமன் டச்சுச் சட்டத்தில், பெறுபவர் ஏற்றுக்கொண்டால்தான் கொடை முழுமை பெறும். ஆகவே அந்த வரியை வெறும் உபசாரமென்று விட்டுவிடாதீர்கள்.

கடிதத்தில் ஒவ்வொரு வசனத்துக்கும் வேலை இருக்கிறது. "கடன் அன்று" என்பது வங்கிக்காக. "பின்னுரித்தாளர்களுக்கோ" என்பது மேலே சொன்ன 84ஆம் பிரிவுக்காக. "செலவுகளுக்குமாக" என்று எழுதாவிட்டால், முத்திரைத் தீர்வைக்குப் போன பங்கைப் பற்றிப் பிறகு யாராவது கேட்கலாம். கடைசி வசனத்தில் வரும் "மட்டுமே" கணவன் மனைவிக்கு இடையிலான கணக்குக்காக. அதற்குச் சற்றுப் பிறகு வருகிறேன்.

கொடுப்பவர் இலங்கையில் இருந்தால் இதைச் சத்தியக்கடதாசியாகச் செய்து, சமாதான நீதவான் அல்லது சத்தியப்பிரமாண ஆணையாளர் முன்னிலையில் ஒப்பமிடலாம். மருதானையில் இருப்பவர்களுக்குப் புதுக்கடை நடந்துபோகும் தூரம், அங்கே அரைமணி நேர வேலை. வெளிநாட்டில் இருந்தால் அங்குள்ள நொத்தாரிசிடமோ இலங்கைத் தூதரகத்திலோ ஒப்பமிட்டு மூலப் பிரதியை அனுப்பச் சொல்லுங்கள். வட்ஸ்அப்பில் வந்த படம் போதாது.

வீட்டு உறுதிக்கு மூன்று பிரதிகள் உண்டு: மூலம் உங்களிடம், இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்தில், மூன்றாவது நொத்தாரிசின் கோவையில். கலவரம், தீ, வெள்ளம் எதில் வீட்டுப் பத்திரம் அழிந்தாலும் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம். அன்பளிப்புக் கடிதத்துக்கு அப்படி ஒரு வீடு இல்லை. ஆகவே நீங்களே மூன்று ஒப்பமிட்ட பிரதிகள் செய்து, ஒன்றைக் கொடுத்தவரிடமும் ஒன்றை உங்களிடமும் விட்டு, மூன்றாவதை உறுதி எழுதிய நொத்தாரிசின் கோவையோடு வைக்கச் சொல்லுங்கள்.

காசு வந்த வழி

இலங்கைத் தமிழ்க் குடும்பங்களில் உண்டியல் தெரியாதவர்கள் குறைவு. அங்கே ஒரு கடையில் காசைக் கொடுத்தால் மறுநாள் இங்கே வாசலுக்கு ரூபா வரும். 2021, 2022இல் வங்கியின் நாணய மாற்று விகிதத்துக்கும் வெளிச்சந்தை விகிதத்துக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருந்தபோது, பலர் உண்டியலையே நாடினார்கள். அன்றாடச் செலவுக்கு வந்த காசைப்பற்றி இங்கே பேசவில்லை. வீடு வாங்கும் காசு உண்டியலில் வரக்கூடாது. அது எங்கிருந்து வந்தது என்று காட்ட உங்களிடம் ஒரு துண்டுக் கடதாசியும் இருக்காது. கடன் தரும் வங்கி அதைக் கேட்கும். உள்நாட்டு இறைவரித் திணைக்களம் எப்போதாவது கேட்கலாம். நொத்தாரிசுகளும் ஆதன முகவர்களும்கூட, 2018இன் வாடிக்கையாளர் விழிப்புக் கவன விதிகளின்படி, காசின் மூலத்தை விசாரிக்கும் பொறுப்புள்ளவர்கள்.

வங்கி வழியாக வந்தால் 10 இலட்சம் ரூபாவும் அதற்கு மேலுமான கொடுக்கல் வாங்கல்கள் 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நிதிக் கொடுக்கல் வாங்கல்கள் அறிக்கையிடல் சட்டத்தின்படி மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு அறிவிக்கப்படும். இதைக் கேட்டுப் பயந்து தொகையை ஒன்பது இலட்சம், எட்டு இலட்சம் என்று உடைத்து அனுப்பச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். உடைப்பதுதான் சந்தேகத்தைக் கிளப்பும். அறிவிக்கப்படுவது குற்றச்சாட்டு அல்ல. முழுத் தொகையும் ஒரே தடவையில், நோக்கம் என்ற இடத்தில் "வீடு கொள்வனவுக்கான குடும்ப அன்பளிப்பு" என்று எழுதி வரட்டும்.

எந்தக் கணக்குக்கு வரவேண்டும்? பெறுபவரின் தனிப் பெயரில் உள்ள கணக்குக்கு, முடிந்தால் இதற்கென்றே புதிதாகத் திறந்த கணக்குக்கு. சம்பளமும் மின்சாரப் பட்டியலும் ஓடும் கூட்டுக் கணக்கில் விழுந்தால் எது அன்பளிப்பு, எது சேமிப்பு என்று ஆறு மாதத்தில் பிரிக்க முடியாமல் போகும். மாமா நேரே விற்பவரின் கணக்குக்கு அனுப்புவதும் வேண்டாம். அப்போது ஆதனத்தின் விலையைக் கொடுத்தவர் மாமா என்றே தடயம் சொல்லும். உங்கள் கணக்குக்கு வந்து, அங்கிருந்து வங்கிக் காசோலையாக விற்பவருக்குப் போகட்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி காணி, வீடு கைமாற்றம் நொத்தாரிசினதும் இரண்டு சாட்சிகளினதும் முன்னிலையில்தான் நடக்க வேண்டும். அந்த உறுதியின் முடிவில் நொத்தாரிசு எழுதும் அத்தாட்சியில், விலைத் தொகை தன் முன்னிலையில் கொடுக்கப்பட்டதா, எப்படிக் கொடுக்கப்பட்டது என்பது வரும். காசோலை இலக்கத்தையும் வங்கியையும் அதில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். இருபது வருடத்துக்குப் பிறகு உங்கள் பக்கம் பேசப்போகும் வரி அதுதான்.

உள்ளூர் அன்பளிப்புக்கும் இதே ஒழுங்கு. அப்பாவின் சேமலாப நிதிக் கொடுப்பனவுக்கு வந்த கடிதம், அம்மா நகை விற்ற கடையின் பற்றுச்சீட்டு இரண்டையும் கோவையில் வையுங்கள். செட்டியார் தெருவில் பற்றுச்சீட்டு இல்லாமல் கொஞ்சம் கூடுதலாக விலை தருவதாகச் சொன்னாலும், வீட்டுக்காக விற்கும்போது சீட்டோடு விற்பதே நல்லது.

எவ்வளவு தேவை

வீட்டு விலையில் வங்கி தராத மிச்சத்துக்கு மட்டும் அன்பளிப்பைக் கணக்கிட்டுவிட்டு, செலவுகளுக்குக் கைமாற்றுத் தேடி அலைவோர் பலர். ஓர் உதாரணம். தொடர்மாடி வீடொன்றின் விலை 2 கோடி ரூபா. வங்கி அந்த விலையைப் பார்த்துக் கடன் தராது, தன் மதிப்பீட்டாளர் எழுதித் தரும் பெறுமதியைப் பார்த்துத்தான் தரும். அவர் 1 கோடி 80 இலட்சம் என்று எழுதி, வங்கி அதில் 70 வீதம் தர ஒத்துக்கொண்டால் கிடைப்பது 1 கோடி 26 இலட்சம். மிச்சம் 74 இலட்சம்.

அதற்கு மேல் முத்திரைத் தீர்வை. அறுதி உறுதிக்கு முதல் 100,000 ரூபாவுக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். 2 கோடிக்கு 3,000 ரூபாவும் 796,000 ரூபாவும், மொத்தம் 799,000. இது மாகாணத்துக்குப் போகும் வரி, உறுதி எழுதும்போதே கட்ட வேண்டும், வங்கி கடனாகத் தராது. பிறகு நொத்தாரிசின் கட்டணம், வங்கிக்கு ஈட்டு உறுதி எழுதும் கட்டணம், தோம்பு பார்த்து உரித்து அறிக்கை தருவதற்கான கட்டணம், மதிப்பீட்டுக் கட்டணம், முந்திய உரிமையாளர் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்துக்கு வைத்த பாக்கி, மின்சாரம் தண்ணீர் பெயர் மாற்றம், சமையலறைக் குழாய். இந்த உதாரணத்தில் 90 இலட்சம் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இல்லாமல் முற்பணம் கட்ட நான் சொல்லமாட்டேன்.

முத்திரைத் தீர்வையைக் குறைக்க உறுதியில் விலையைக் குறைத்து எழுதலாம் என்று ஒருவர் கட்டாயம் ஆலோசனை சொல்வார். மாகாண இறைவரித் திணைக்களம் தானே மதிப்பிட்டு மிகுதியைக் கேட்கும் என்பது ஒரு புறம். அன்பளிப்புக் காசில் வாங்குபவருக்கு இன்னொரு கேடு உண்டு: மாமா அனுப்பியது 80 இலட்சம், உறுதியின்படி நீங்கள் கொடுத்தது அதைவிடக் குறைவு என்றால், மீதிக் காசு எங்கே போனது? நீங்கள் இவ்வளவு கவனமாகச் சேர்த்த தடயம் அந்த ஒரு பொய்யில் அறுந்துபோகும்.

காசு கொடுப்பதா, வாங்கிக் கொடுப்பதா

பெற்றோர் தங்கள் பெயரில் வாங்கி, பிறகு பிள்ளைக்கு நன்கொடை உறுதி எழுதுவது பழைய வழக்கம். செலவைப் பாருங்கள். அதே 2 கோடி வீட்டுக்கு முதலில் 799,000. பிறகு நன்கொடை உறுதிக்கு முதல் 50,000க்கு 3 வீதம், மீதிக்கு 2 வீதம்: 1,500 ரூபாவும் 399,000 ரூபாவும், சேர்த்து 400,500. நொத்தாரிசுக்கும் இரண்டு தடவை. காசாகக் கொடுத்துப் பிள்ளை பெயரில் நேரே வாங்கினால் இந்த நாலு இலட்சமும் மிச்சம்.

ஆனால் செலவை மட்டும் பார்த்து இதை முடிவுசெய்யக்கூடாது. காசு கை மாறிவிட்டால் பெற்றோரிடம் ஒன்றும் இல்லை. தனியார் துறையில் வேலை செய்த ஒருவருக்கு இந்நாட்டில் ஓய்வூதியம் கிடையாது. 55 வயதில், பெண்ணென்றால் 50 வயதில், எடுக்கும் சேமலாப நிதிதான் மீதி வாழ்நாள் முழுவதற்கும். அதை முழுவதும் மகனின் வீட்டில் போட்டுவிட்டு, மகன் வீட்டில் ஓர் அறையில் இருக்கும் அப்பாவை நினைத்துப் பாருங்கள். மகன் நல்லவனாகவே இருக்கட்டும். அவனுக்கு வேலை போகலாம், வங்கி வீட்டை ஏலம் போடலாம். அப்பா கொடுக்க முன்வந்தாலும் முழுவதையும் வாங்காதீர்கள். வீட்டைச் சிறிதாக்குங்கள், வெள்ளவத்தையை விட்டுத் தெமட்டகொடைப் பக்கம் பாருங்கள், இரண்டு வருடம் பொறுங்கள். பெற்றோரின் கடைசிச் சேமிப்பை வெறுமையாக்கி வாங்க வேண்டிய வீடு எதுவும் கொழும்பில் இல்லை.

பெற்றோர் கணிசமாகக் கொடுத்தே ஆகவேண்டிய நிலையில் நடுவழி ஒன்று உண்டு: உறுதியைப் பிள்ளையின் பெயரில் எழுதி, அதே உறுதியில் பெற்றோருக்குச் சீவிய உரித்தை ஒதுக்குவது. அவர்கள் உயிரோடு இருக்கும்வரை அங்கே வாழும் உரிமை அவர்களுடையது. யாரும் எழுப்ப முடியாது. வங்கிக் கடனும் இருந்தால் சீவிய உரித்துள்ளவரும் ஈட்டு உறுதியில் சேர்ந்து ஒப்பமிடும்படி வங்கி கேட்கும். அப்படி ஒப்பமிட்டால் கடன் நின்றுபோகும் நாளில் அந்த உரித்து வங்கிக்கு எதிராக நிற்காது. அம்மாவிடம் ஒப்பம் வாங்குமுன் இதை அவருக்குப் புரியும்படி சொல்லுங்கள்.

நன்கொடை உறுதி எழுதியே கொடுப்பதாக இருந்தால், மீளப்பெற முடியாதது என்று எழுதப்பட்ட கொடையை நன்றிகெட்ட நடத்தையைக் காரணம் காட்டி நீக்கவேண்டுமானால் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர வேண்டும். 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் அதற்கென்றே வந்தது. கோபத்தில் போய் நொத்தாரிசிடம் ரத்து உறுதி எழுதுவதால் கொடை நீங்காது. மருதானையில் முஸ்லிம் குடும்பங்களும் நிறைய என்பதால் அவர்களுக்கு ஒரு குறிப்பு: 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி முஸ்லிம்களின் சாதாரண நன்கொடைக்கு அவர்களின் மத்ஹபுச் சட்டமே பொருந்தும். மீளப்பெற முடியாதது என்று உறுதியில் எழுதப்பட்டிருந்தால் மட்டுமே அது அப்படிக் கொள்ளப்படும்.

தேசவழமை கூட வருகிறதா

வட மாகாணத்தைத் தம் ஊராகக் கொண்ட தமிழர்களுக்கு, 1707இல் ஒல்லாந்தர் ஆட்சியில் கிளாஸ் இசாக்ஸ் தொகுத்த தேசவழமை இன்றும் ஆட்சட்டம். கொழும்பில் முப்பது வருடம் வேலை பார்த்ததால் மட்டும் அது விலகிவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். மட்டக்களப்பாருக்கும் மலையகத்தாருக்கும் இது பொருந்தாது. கலப்புத் திருமணத்தில், திருமணம் நீடிக்கும்வரை மனைவிக்குக் கணவனின் சட்டமே: யாழ்ப்பாணப் பெண் மட்டக்களப்பு ஆணைக் கட்டினால் அவள் தேசவழமைக்கு வெளியே போகிறாள், மறுதலையாக நடந்தால் உள்ளே வருகிறாள்.

இது அன்பளிப்புக் காசுக்கு ஏன் முக்கியம்? 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம், 1947இல் திருத்தப்பட்டபடி, திருமணக் காலத்தில் விலை கொடுத்து வாங்கிய ஆதனத்தைத் தேடியதேட்டம் என்கிறது. ஆனால் ஒரு நிபந்தனையோடு: அந்த விலை வாங்கியவரின் தனி ஆதனத்திலிருந்து வந்ததாக இருக்கக்கூடாது. பெற்றோரோ மாமாவோ ஒருவருக்கு மட்டும் அன்பளிப்பாகக் கொடுத்த காசு அவருடைய தனி ஆதனம். அந்தக் காசில் வாங்கிய பங்கும் அவ்வாறே. ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால் அவருடைய தேடியதேட்டத்தில் பாதி மற்றவருக்கும் மறுபாதி வாரிசுகளுக்கும் போகும். தனி ஆதனத்துக்கு அந்தக் கணக்கு இல்லை. மாதிரிக் கடிதத்தில் "மட்டுமே" என்று எழுதியதும், தனிக் கணக்கு என்று வற்புறுத்தியதும் இதனால்தான். ஆதாரம் இல்லாத அன்பளிப்பு, சம்பளத்தில் சேர்த்த காசோடு ஒன்றாகிவிடும்.

இரு பக்கமும் கொடுத்திருந்தால் பங்கை உறுதியிலேயே எழுதுங்கள். மனைவியின் அப்பா 40 இலட்சம், கணவனின் அண்ணா 30 இலட்சம், வங்கிக் கடனை இருவரும் சேர்ந்து கட்டுவது என்றால் இரு பெயரும் போட்டு, ஒவ்வொருவருக்கும் எத்தனை பங்கு என்று எழுதலாம். ஒன்றும் எழுதாவிட்டால் சரிபாதி என்றே கொள்ளப்படும். சரிபாதி உங்களுக்குச் சம்மதமானால் அதையும் பேசி முடிவெடுத்து எழுதுங்கள். பெண் வீட்டார் சீதனமாகக் கொடுக்கும் காசென்றால் நான் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்வேன்: அது பெண்ணின் கணக்குக்கு வந்து பெண்ணின் பெயரில் வீடாகட்டும். "டொனேஷன்" என்ற பெயரில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போன காசு அவளுக்குத் திரும்பி வராது.

தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் வீட்டை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று அதே 1911ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நியாயமற்ற விதி. மாற்றச் சொல்லிப் பல காலமாகப் பெண்கள் கேட்டுவருகிறார்கள். மாறும்வரை, மனைவியின் பெயரில் வாங்கி வங்கியில் ஈடு வைப்பவர்கள் அந்த ஒப்பத்துக்கான நாளையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். கணவன் கட்டாரில் இருந்தால் அற்றோர்னித் தத்துவம் அங்கிருந்து அத்தாட்சியோடு வந்து இங்கே பதியப்பட வேண்டும்.

நாணயமும் நாளும்

மாமா சொன்ன தொகை எந்த நாணயத்தில்? 2022 மார்ச் தொடக்கத்தில் ஓர் அமெரிக்க டொலர் ஏறத்தாழ 200 ரூபா, மே மாதத்தில் 360. அடுத்த வருட நடுப்பகுதியில் 300 அளவுக்கு இறங்கியது. 20,000 அமெரிக்க டொலர் என்று வாக்குக் கொடுத்தால் 360இல் அது 72 இலட்சம், 300இல் 60 இலட்சம். அந்த 12 இலட்சம் வித்தியாசம் மேலே கணக்கிட்ட முத்திரைத் தீர்வையைவிடப் பெரியது. வெளிநாட்டு நாணயமாகவே அனுப்பச் சொல்லி, தனிப்பட்ட வெளிநாட்டு நாணயக் கணக்கில் வைத்துக்கொண்டு, தேவையான நாளில் ரூபாவாக மாற்றலாம். ஆனால் வாய்ப்புப் பார்த்துக் காத்திருக்காதீர்கள். வீட்டு விலை ரூபாவில் நிலைத்துவிட்ட நாளில் தேவையானதை மாற்றிவிடுவதே என் விருப்பம்.

விற்பனை உடன்படிக்கை எழுதும்போது வழமையாக விலையில் பத்திலொரு பங்கு முற்பணம் போகும். மீதிக்கு நாள் குறிக்கப்படும். அன்பளிப்பு உங்கள் கணக்குக்கு வருமுன் அந்த உடன்படிக்கையில் ஒப்பமிடாதீர்கள். அங்கே மாமாவின் வீட்டுக் கடன் மறுசீரமைப்பு இரண்டு மாதம் தள்ளிப்போனால் இங்கே உங்கள் முற்பணம் போகும். அந்த மனக்கசப்பு காசோடு நிற்காது.

கொடுப்பவர் உறுதியில் தன் பெயரும் வேண்டும் என்றால், அவர் இப்போது எந்த நாட்டுப் பிரசை என்று கேளுங்கள். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. இரட்டைப் பிரசாவுரிமை எடுத்தவர்களுக்கு அந்தத் தடை இல்லை. தொடர்மாடி வீடுகளுக்குத் தனி விதிகள் உண்டு. கனடாப் பிரசையான அண்ணாவின் பெயரை மருதானையில் ஒரு பழைய வீட்டின் உறுதியில் சேர்க்க நினைத்தால் முதலில் நொத்தாரிசிடம் போங்கள்.

அன்பளிப்புக் காசை எந்த வீட்டில் போடுகிறோம் என்பதும் இந்த அத்தியாயத்துக்குள் வருகிறது, ஏனென்றால் அந்தக் காசு இரண்டாம் தடவை வராது. மருதானையின் பழைய வீடுகளில் 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்தின் பாதுகாப்புள்ள குடியிருப்பாளர் இருக்கலாம், அவரை எழுப்புவது வருடக்கணக்கான வழக்கு. 1973ஆம் ஆண்டின் வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டத்தில் அரசுக்குப் போன வீடா என்றும் பார்க்க வேண்டும். மாளிகாவத்தை போன்ற அரச தொடர்மாடிகளில் விற்பவரிடம் இருப்பது உறுதியா, குடியிருக்கும் அனுமதியா என்று கேளுங்கள். தனியார் தொடர்மாடியென்றால், 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உரிமைச் சட்டத்தின்படி கூட்டாதன வரைபடம் பதியப்பட்டிருக்க வேண்டும். பதியப்படாத கட்டடத்தில் உங்கள் வீட்டுக்கெனத் தனி உறுதி எழுத முடியாது. "பதிவு வேலை நடக்குது, அடுத்த வருசம் உறுதி தாறம்" என்று கட்டடக்காரர் சொன்னால், மாமாவின் காசை அதுவரை வங்கியிலேயே விட்டுவையுங்கள்.